முதலில் தண்ணீர்: முகத்திலும் கழுத்திலும் தீக்காயம், இரசாயனக் காயம்

கனடாவில் வயதுவந்தோருக்கான மிகப் பெரிய தீக்காயச் சிகிச்சை நிலையம் ரொறன்ரோவில்தான் இருக்கிறது. பேவியூ அவெனியூவில் உள்ள சன்னிபுறூக் மருத்துவமனையின் றொஸ் ரில்லி நிலையம் அது. பிள்ளைகளுக்கு நகர நடுவில், யூனிவர்சிட்டி அவெனியூவில், சிக்கிட்ஸ் மருத்துவமனை இருக்கிறது. இவ்வளவு வசதி பக்கத்தில் இருப்பதாலேயே நம்மவரிடம் ஒரு தவறான எண்ணமும் வளர்ந்துவிட்டது. முகத்தில் சுடுதண்ணீரோ எண்ணெயோ கொட்டினால் பிள்ளையைத் தூக்கிக் காரில் போட்டுக்கொண்டு ஓடுவதே கெட்டித்தனம், மிச்சத்தை டொக்டர்மார் பார்த்துக்கொள்வார்கள் என்பதே அந்த எண்ணம். இந்த அத்தியாயம் அதற்கு எதிராக வாதிடுகிறது. காயம் எவ்வளவு ஆழம் போகும், வேறு இடத்துத் தோலை எடுத்து ஒட்ட வேண்டி வருமா, கண் தப்புமா என்பவற்றில் பெரும்பங்கு காயம் பட்ட முதல் இருபது நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அந்த இருபது நிமிடமும் சத்திரசிகிச்சை நிபுணரின் கையில் இல்லை. வீட்டில் நிற்பவரின் கையில் இருக்கிறது. அவருக்கு வேண்டியது குழாய்த் தண்ணீர் மட்டுமே.

உடலின் மற்ற இடங்களைவிட தலையும் கழுத்தும் தனிக் கவனம் பெறுவதற்குக் காரணம் உண்டு. வயதுவந்த ஒருவரின் தோற்பரப்பில் தலையும் கழுத்தும் சேர்ந்து ஏறத்தாழ 9 சதவீதம். கைக்குழந்தைக்கோ தலை பெரிது. பங்கு ஏறத்தாழ 18 சதவீதம். ஆகவே ஒரு கோப்பைத் தேநீர் பெரியவருக்குச் சிறு காயம், தவழும் பிள்ளைக்குப் பெருங்காயம். மேசை விரிப்பையோ கேத்திலின் வயரையோ பிள்ளை இழுக்கும்போது சுடுநீர் முகத்தில் விழுந்து, நாடி, கழுத்து, தோள், நெஞ்சு என்று வழிந்து இறங்கும். கழுத்தின் மடிப்புக்குள்ளும் சட்டைக் கழுத்துப்பட்டியின் அடியிலும் அது தேங்கி நிற்பதால் முகத்தைவிடக் கழுத்திலேயே காயம் ஆழமாவதுண்டு. முகத்துத் தோலுக்கு இரத்த ஓட்டம் அதிகம். ஆழமில்லாத காயமானால் விரைவாக ஆறும். ஆனால் இமை, உதடு, காது, கழுத்து ஆகியவற்றில் தழும்பு சுருங்கினால் கண் முழுதாக மூடாது, வாய் முழுதாகத் திறக்காது, தலை நிமிராது. எல்லாவற்றுக்கும் மேலாக மூச்சுக்குழாயின் வாசல் இங்கே இருக்கிறது.

இனி ஆதாரம். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் தீக்காயம் பட்ட 2,495 பிள்ளைகளின் விவரங்களைத் திரட்டி 2020இல் வெளியான ஆய்வு ஒன்று, காயம் பட்டு மூன்று மணிநேரத்துக்குள் ஓடும் குளிர்ந்த தண்ணீரை 20 நிமிடம் பெற்ற பிள்ளைகளுக்குத் தோல் ஒட்டும் சிகிச்சை தேவைப்படும் வாய்ப்பு 40 சதவீதத்துக்கும் மேல் குறைந்ததைக் கண்டது. விலை இல்லாத ஒரு பொருளால் இந்த அளவு பயன் கிடைப்பது மருத்துவத்தில் அபூர்வம். காரணமும் புரியக்கூடியதே. சூடான பொருளை அகற்றிய பிறகும் தோலுக்குள் புகுந்த வெப்பம் உடனே வெளியேறுவதில்லை, உள்ளே இறங்கிக்கொண்டிருக்கிறது. சூட்டோடு சேர்ந்து அழற்சியும் தொடங்கி, உயிரோடு இருக்கலாமா சாகலாமா என்ற நிலையில் நிற்கும் இழையத்தை அடுத்த மணிநேரங்களில் கொன்றுவிடுகிறது. ஓடும் தண்ணீர் முதலாவதை எடுத்துச் செல்கிறது, இரண்டாவதைத் தணிக்கிறது, வலியையும் குறைக்கிறது. மூன்று மணிநேரம் என்ற எல்லையைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் முதலில் செய்ய மறந்திருந்தாலும், அரை மணிநேரம் கழித்து நினைவு வந்தாலும், அப்போதும் தண்ணீர் பயன் தரும்.

முகத்தில் 20 நிமிடம் தண்ணீர் விடுவது கையில் விடுவதுபோல எளிதல்ல. பெரியவரானால் ஷவரின் கீழ், வேகத்தைக் குறைத்து, மூச்சு முட்டாமல் முகத்தைச் சற்றுப் பக்கமாகத் திருப்பி நிற்கலாம். பிள்ளையானால் மடியில் சாய்த்து, கோப்பையால் நெற்றியிலிருந்து மெல்ல ஊற்றிக்கொண்டே இருக்கலாம். மூக்கும் வாயும் தண்ணீரில் மூழ்கக் கூடாது. ஊற்றவே முடியாத நிலையில் நனைத்த துணி இரண்டாந்தரம்தான். அதையும் சூடேறுமுன் நிமிடத்துக்கொரு தடவை மாற்ற வேண்டும். அழும் பிள்ளையோடு இருக்கும்போது மூன்று நிமிடம் இருபது போலத் தோன்றும். மணிக்கூட்டைப் பார்த்துச் செய்யுங்கள். உடையைக் கழற்றுங்கள், தோலோடு ஒட்டியிருக்கும் துண்டை மட்டும் பிய்க்காமல் விடுங்கள். தோடு, மூக்குத்தி, சங்கிலி எல்லாம் உடனே கழல வேண்டும். உலோகம் வெப்பத்தைப் பிடித்து வைக்கும். வீக்கம் ஏறிய பிறகு வெட்டித்தான் எடுக்கவேண்டும். தாலிக்கொடியும் இதில் சேரும். அதைக் கழற்றத் தயங்கி நிற்கும் நேரத்தில் அதன் அடியில் கழுத்து வெந்துகொண்டிருக்கும். காயம்பட்டவரே தயங்கினால் பக்கத்தில் நிற்கும் பெரியவர் ஒருவர் சொல்லிக் கழற்றச் செய்வது நல்லது.

இங்கே ரொறன்ரோவுக்கே உரிய ஒரு நியாயமான எதிர்ப்பு எழும். சனவரி மாதத்தில் ஒன்ராறியோ ஏரியிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் விரலை விறைக்க வைக்கும். அதை ஒரு வயதுப் பிள்ளையின் தலையில் 20 நிமிடம் ஊற்றினால் பிள்ளை குளிரில் விறைத்துவிடாதா? விறைக்கலாம். தீக்காயப் பகுதி பெரிதாக இருந்தால் உடல் வெப்பம் இறங்குவது உண்மையான ஆபத்து. அதற்காகத் தண்ணீரை விட்டுவிடத் தேவையில்லை; அதன் குளிரைத் திருத்தினால் போதும். சுடுநீர்க் குழாயையும் கொஞ்சம் திறந்து, குளிர்ச்சியாக ஆனால் தாங்கக்கூடியதாகக் கலந்துகொள்ளலாம். காயத்தை மட்டும் நனைத்து, மிச்ச உடம்பை உலர்ந்த துவாயால் போர்த்தலாம். பிள்ளை நடுங்கத் தொடங்கினாலோ, சோர்ந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ நிறுத்திவிட வேண்டும். ஐஸ் கட்டி எந்தப் பருவத்திலும் கூடாது. அது இரத்தக் குழாய்களைச் சுருக்கி, ஏற்கெனவே தவிக்கும் தோலுக்குப் போகும் இரத்தத்தையும் நிறுத்தி, காயத்தை ஆழமாக்கும்.

நம்மவரிடையே இதைவிட வலுவான எதிர்ப்பு வேறு ஒன்று: தீக்காயத்தில் தண்ணீர் பட்டால் கொப்புளிக்கும் என்பது. பாட்டி முதல் பட்டதாரி வரை நம்பும் செய்தி இது. கவனித்துப் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள், காரணத்தில்தான் பிழை. வெப்பம் மேல்தோலைக் கீழ்த்தோலிலிருந்து பிரிக்கிறது. அந்த இடைவெளியில் நீர் கசிந்து நிரம்பச் சில நிமிடங்களோ மணிநேரங்களோ எடுக்கும். அதற்குள் யாராவது தண்ணீர் ஊற்றியிருந்தால் பழி தண்ணீர் மேல் விழுகிறது. ஊற்றாமல் விட்டிருந்தாலும் அந்தக் கொப்புளம் வந்திருக்கும், பெரும்பாலும் இன்னும் பெரிதாக. வந்த கொப்புளத்தை வீட்டில் உடைக்க வேண்டாம்.

தண்ணீருக்குப் பதிலாக நம் வீடுகளில் கைக்கு வருபவை நல்லெண்ணெய், மஞ்சள், பற்பசை, முட்டை வெள்ளைக்கரு, தேன். இவற்றை எல்லாம் ஒரேயடியாக மூடநம்பிக்கை என்று தள்ளுவது நேர்மையாகாது. தேனைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2015இல் வெளியான, கொக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பின் மதிப்பீடு, ஆழமில்லாத தீக்காயங்கள் சில வழமையான கட்டுகளைவிடத் தேனில் நான்கைந்து நாள் முந்தி ஆறியதாகச் சொல்கிறது. வாழை இலையைக் காயத்துக்குக் கட்டாகப் பயன்படுத்தி மும்பை மருத்துவர்கள் 2003இல் நல்ல பலனை எழுதியிருக்கிறார்கள். மலிவானது, ஒட்டாது, உரிக்கும்போது வலிக்காது. ஆனால் அந்த ஆய்வுகளில் தேனும் இலையும் கிருமி நீக்கப்பட்டு, கழுவிக் குளிர்வித்த காயத்தின் மேல், நாட்கணக்கில் ஆற வைக்கும் கட்டாகப் பயன்பட்டன. முதல் நிமிடத்தில் போத்தலிலிருந்து அள்ளிப் பூசுவது வேறு வேலை. அது வெப்பத்தை உள்ளே அடைக்கிறது, தண்ணீருக்கான நேரத்தைத் தின்கிறது. மஞ்சளோ காயத்தின் நிறத்தையே மறைத்து, ஆழத்தைக் கண்ணால் மதிப்பிட வேண்டிய மருத்துவரின் வேலையைக் கெடுக்கிறது. அதைச் சுரண்டிக் கழுவும் வலியும் காயம்பட்டவருக்குத்தான்.

பூச்சுகளின் மேல் இந்த மோகம் தமிழருக்கு மட்டும் உரியதல்ல. 1925இல் அமெரிக்காவின் டிட்ரொயிட் நகரில் எட்வர்ட் டேவிட்சன் என்ற மருத்துவர், தேயிலையிலும் மரப்பட்டையிலும் உள்ள துவர்ப்புப் பொருளான டானிக் அமிலத்தைத் தீக்காயத்தில் பூசும் முறையைப் பரப்பினார். காயத்தின் மேல் தோல் பதனிட்டதுபோல் கெட்டியான ஓடு உருவாகும். மேற்குலகம் அதை நவீன சிகிச்சை என்று ஏற்றது. 1940இல் பிரித்தானிய விமானிகள் எரியும் பெற்றோலில் முகமும் கையும் வெந்து வந்தபோதுதான் அதன் விளைவு தெரிந்தது. இமைகளில் அந்த ஓடு இறுகிக் கண் மூட முடியாமல் போனது, விரல்கள் முடங்கின. இங்கிலாந்தின் கிழக்கு கிரின்ஸ்ரெட் மருத்துவமனையில் ஆர்ச்சிபால்ட் மக்கிண்டோ, கடலில் விழுந்து மீட்கப்பட்ட விமானிகளின் காயம் மற்றவர்களைவிட நன்றாக இருப்பதைக் கவனித்தார். பூச்சைக் கைவிட்டு உப்புநீர்க் குளியலுக்கு மாறினார். அவரோடு அங்கே பணியாற்றிய கனடிய விமானப்படைச் சத்திரசிகிச்சை நிபுணர்தான் ஆல்பர்ட் றொஸ் ரில்லி, ரொறன்ரோவுக்குக் கிழக்கே பவ்மன்வில்லில் 1904இல் பிறந்தவர். கனடியர்களுக்கென்று 1944இல் அங்கே தனிப் பிரிவே கட்டப்பட்டது. அந்த மருத்துவமனையில் சிகிச்சை பெற்றோர் 1941இல் தொடங்கிய சங்கத்தில் போர் முடிவதற்குள் 649 பேர் சேர்ந்திருந்தனர். சன்னிபுறூக் நிலையம் ரில்லியின் பெயரைத் தாங்குவது அங்கே அவர் செய்த பணியினால்தான். படித்தவர் கண்டுபிடித்த பூச்சே தோற்ற வரலாறு இது. பற்பசைக்கு நாம் ஏன் விதிவிலக்குத் தர வேண்டும்?

அடுத்து ஆவி. ஈழத்தவர் வேது பிடித்தல் என்றும் தமிழகத்தார் ஆவி பிடித்தல் என்றும் சொல்லும் இந்தப் பழக்கத்தைத் தலை, கழுத்துக் காயங்களுக்கான அத்தியாயத்தில் ஒதுக்கிவிட முடியாது. கொதிநீர்ப் பாத்திரம், மேலே போர்வை, உள்ளே கண்மூடிய முகம், பக்கத்தில் நெளியும் பிள்ளை: கொட்டுவதற்கு இதைவிடத் தோதான ஏற்பாடு கிடையாது. கொட்டினால் முகம், கழுத்து, நெஞ்சு, தொடை எல்லாம் ஒன்றாக வேகும். 2020இல் கொவிட் பரவியபோது இங்கிலாந்தின் பேர்மிங்காம் பிள்ளைகள் மருத்துவமனை, ஆவி பிடித்து வெந்த பிள்ளைகளின் வரவு வழக்கத்தைவிட முப்பது மடங்கு கூடியதாக லான்செற் மருத்துவ இதழில் எழுதியது. 2021 மே மாதம், இரண்டாம் அலையின்போது தமிழ்நாட்டில் பொது இடங்களில் ஆவி பிடிக்கும் ஏற்பாடுகள் முளைத்தன. சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் அவற்றைத் தவிர்க்கும்படி கேட்க வேண்டி வந்தது. சுகமாக இருக்கிறதே என்பார்கள். இருக்கும், மூக்கு சற்று இளகும், மனத்துக்கு ஆறுதல். ஆனால் சூடான ஈரக்காற்றைச் சளிக்குக் கொடுத்துப் பார்த்த ஆறு ஆய்வுகளை, 387 பேரின் விவரங்களோடு, 2017இல் தொகுத்த கொக்ரேன் மதிப்பீட்டால் பயன் உண்டு என்று காட்ட முடியவில்லை. பயன் நிறுவப்படாத ஒன்றுக்குப் பிள்ளையின் முகத்தைப் பணயம் வைப்பது நியாயமாகப் படவில்லை. பெரியவர்கள் விடமாட்டோம் என்றால், குளியலறைக் கதவை மூடி ஷவர் சூட்டில் ஓடவிட்டு, அதன் வெளியே சற்று நேரம் இருங்கள். பிள்ளைகளுக்கு மூக்கில் உப்புநீர்த் துளிகள் போதும்.

இரசாயனக் காயத்துக்கு வருவோம். திராவகம் என்றதும் தமிழ் வாசகர் நினைவுக்கு வருவது தாக்குதல்தான். 2012 நவம்பரில் காரைக்காலில் முகத்தில் திராவகம் வீசப்பட்ட இளம் மென்பொருள் பொறியாளர் 2013 பிப்ரவரியில் சென்னையில் இறந்தார்; அதே ஆண்டு இந்தியா திராவகத் தாக்குதலைத் தனிக் குற்றமாக்கியது, உச்ச நீதிமன்றம் திராவக விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்தது. ஆனால் ரொறன்ரோ வீட்டில் ஆபத்து குசினித் தொட்டியின் அடியிலும் குளியலறை அலுமாரியிலும் இருக்கிறது. அடைப்பு நீக்கும் திரவங்களில் பெரும்பாலும் எரிசோடா என்ற சோடியம் ஹைட்ராக்சைட், சிலவற்றில் கடுஞ் சல்பூரிக் அமிலம். சூட்டடுப்புத் துப்புரவு நுரையிலும் எரிசோடாதான். முதலில் ஒன்றைக் குழாய்க்குள் ஊற்றி, போகவில்லையே என்று இன்னொன்றையோ கொதிநீரையோ மேலே ஊற்றிக் குனிந்து எட்டிப் பார்க்கும்போது அது பீறிட்டு முகத்தில் அடிக்கிறது. இந்தப் போத்தல்களில் எண்கோணச் சட்டத்துக்குள் திரவத்தில் அரிக்கப்படும் எலும்புக் கை வரையப்பட்டிருக்கும். ஆங்கிலமோ பிரெஞ்சோ வாசிக்க வராத அம்மம்மாவுக்கும் அந்தப் படத்தைக் காட்டி வையுங்கள். முகத்தை வெளுக்கச் செய்வதாக இணையத்தில் விற்கும் கடும் அமிலத் தோலுரிப்புத் திரவங்களும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவையே. மாநிறத்தை நோயாக்கிய வியாபாரம் கடைசியில் உண்மையான நோயைத் தருகிறது.

அமிலத்தைவிட எரிசோடா போன்ற காரம் மோசமானது என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். அமிலம் படும் இடத்திலேயே புரதத்தைக் கட்டியாக உறைய வைக்கிறது; அந்தக் கட்டியே ஓரளவு தடுப்பாகி அமிலம் ஆழமாக இறங்குவதை மட்டுப்படுத்துகிறது. காரம் கொழுப்பைச் சவர்க்காரமாக்கி, இழையத்தைக் கரைத்துக்கொண்டே உள்ளே போகிறது. முதலில் வலி குறைவாகவும் இருக்கலாம். வலிக்கவில்லை என்று கழுவுவதை நிறுத்தக் கூடாது. இங்கே பள்ளிக்கூட இரசாயனம் படித்தவர்கள் ஒரு தடை சொல்வார்கள்: கடும் அமிலத்தில் தண்ணீர் ஊற்றக் கூடாது, சூடேறித் தெறிக்கும் என்று. ஆய்வுகூடப் பாத்திரத்துக்கு அது சரி. நிறைய அமிலத்தில் கொஞ்சம் தண்ணீர் சேரும்போது எழும் சூடு போக இடமின்றிக் கொதிக்கிறது. தோலில் இருப்பது கொஞ்சம் அமிலம். ஓடும் தண்ணீரோ ஏராளம். எழும் சூட்டையும் அதே தண்ணீர் எடுத்துச் சென்றுவிடும். ஆபத்து, ஒரு கோப்பையோடு நிறுத்திக்கொள்வதில்தான். அமிலத்துக்கு அப்பச்சோடா, காரத்துக்கு வினாகிரி என்று சமன் செய்யப் பார்ப்பதும் தவறு. அந்த வினையே வெப்பத்தை உண்டாக்கும். போத்தலைத் தேடும் நேரத்தில் காரம் இன்னும் ஒரு அடுக்கு இறங்கியிருக்கும்.

இரசாயனத்துக்கு 20 நிமிடம் குறைந்தபட்சம்; காரமென்றால் அரை மணிக்கு மேலும், மருத்துவ உதவி வரும் வரையும் தொடருங்கள். தூளாக இருந்தால் முதலில் உலர்ந்த துணியால் தட்டிவிட்டுப் பிறகு தண்ணீர். கழுவுபவர் கையுறை போடட்டும். தலையில் கொட்டியிருந்தால் கழுவும் நீர் கண்ணுக்குள்ளும் முதுகுக்கும் வழியாதபடி தலையைச் சாய்த்துப் பிடிக்க வேண்டும். கண்ணுக்குள் போயிருந்தால் எல்லாவற்றுக்கும் முன் கண்தான். காயப்பட்ட கண் கீழ்ப்பக்கமாக வரும்படி தலையைச் சரித்து, இமைகளை விரலால் விரித்துப் பிடித்து, மூக்குப் பக்கமிருந்து வெளிப்பக்கமாகத் தண்ணீர் விடுங்கள். கண்ணில் வில்லை (கொன்ராக்ற் லென்ஸ்) அணிந்திருந்தால் கழுவிக்கொண்டே கழற்றிவிடுங்கள். வெற்றிலைச் சுண்ணாம்பு பற்றி இங்கே தனியாகச் சொல்ல வேண்டும். சிறு பொதியைப் பிள்ளை அழுத்த, அது பிதுங்கிக் கண்ணில் அடித்துப் பார்வை போவதைப் பற்றி இந்தியக் கண் மருத்துவர்கள் 2003இலேயே லான்செற் இதழில் எச்சரித்தார்கள். சுண்ணாம்பும் காரம்தான், அதோடு அதன் துகள்கள் இமையின் அடியில் ஒட்டிக்கொண்டு கழுவிய பிறகும் கரைந்துகொண்டே இருக்கும். நீங்கள் எவ்வளவு கழுவியிருந்தாலும் இமையை மடித்துத் துகளை எடுக்க மருத்துவர் வேண்டும். வெற்றிலைத் தட்டம் பூசையறையில் இருந்தாலும் சுண்ணாம்பு பிள்ளை எட்டாத உயரத்தில் இருக்கட்டும்.

ஒரு பிள்ளை இவற்றைக் குடித்துவிட்டால் நிலைமை மாறும். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. இறங்கும்போது தொண்டையை ஒருமுறை எரித்தது திரும்பி வரும்போது மறுமுறை எரிக்கும். வாயைக் கொப்பளிக்க வைத்து, ஒன்ராறியோ நஞ்சு மையத்தை 1-844-764-7669 என்ற எண்ணில் அழையுங்கள், போத்தலைக் கையில் வைத்துக்கொண்டு. மூச்சுத் திணறலோ, எச்சில் விழுங்க முடியாமல் வடிவதோ இருந்தால் நேரே 911.

வேலையிடத்திலும் இதே ஒழுங்குதான். உணவகக் குசினிகளிலும் துப்புரவுப் பணியிலும் தமிழர் நிறையப் பேர். பொரிசட்டி எண்ணெயும் தொழில்முறைக் காரத் திரவங்களும் அங்கே வீட்டைவிடக் கடுமையானவை. கண்ணுக்கு ஆபத்தான திரவம் கையாளும் ஒன்ராறியோ தொழிற்சாலையில் கண் கழுவும் ஊற்று இருக்க வேண்டும் என்பது சட்டம். காயம்பட்டவரை மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் செலவு முதலாளியுடையது. சிகிச்சை தேவைப்பட்ட காயத்தை மூன்று வேலைநாளுக்குள் தொழிலாளர் காப்புறுதிச் சபைக்கு அவர் அறிவிக்க வேண்டும். கையில் காசாகச் சம்பளம் வாங்குவதால் இந்த உரிமைகள் போய்விடுவதில்லை. ‘வீட்டில் நடந்தது என்று சொல்லு’ என்று கேட்கப்பட்டால் மறுத்துவிடுங்கள். தழும்புச் சிகிச்சை ஆண்டுக்கணக்கில் நீளும். முதல் நாள் சொன்ன பொய் அப்போது உதவாது.

இந்த அத்தியாயம் முழுக்கத் தண்ணீருக்கு வாதாடினாலும் இரண்டு இடங்களில் தண்ணீர் முதலிடத்தில் இல்லை. எரியும் எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றினால் அது ஆவியாய் வெடித்து, எரியும் எண்ணெயை முகமட்டத்துக்குத் தூக்கி வீசும். மூடியால் மூடி, அடுப்பை அணைத்து, அப்படியே விடுங்கள். மற்றது மூச்சு. மூடிய அறைக்குள் தீயில் அகப்பட்டவருக்கு மூக்கு மயிர் கருகியிருந்தால், வாய்க்குள் கரி தெரிந்தால், குரல் கம்மியிருந்தால், மூச்சு இழுக்கும்போது சத்தம் கேட்டால், முகத்துக் காயம் சிறிதாக இருந்தாலும் உள்ளே தொண்டை வீங்கிக்கொண்டிருக்கிறது என்று கொள்ள வேண்டும். அந்த வீக்கம் அடுத்த ஒன்றிரண்டு நாளில்தான் உச்சமாகும். இப்போது பேசுகிறாரே என்று காத்திருந்தால், பிறகு செயற்கைச் சுவாசக் குழாயை உள்ளே விடக்கூட வழியிருக்காது. உடனே 911 அழைத்து, அவரை நிமிர்த்தி உட்காரவைத்து, பிறகு குளிர்வியுங்கள்.

தண்ணீர் விட்டு முடிந்ததும் முகத்தைத் திறந்தே விடலாம். கழுத்தில் குசினியில் பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் தாளை மேலே பரப்பி விடுங்கள், சுற்றிக் கட்ட வேண்டாம். இரசாயனக் காயத்தில் அந்தத் தாளும் வேண்டாம். பிறகு யாரிடம் போவது? அளவு சிறிதாக இருந்தாலும் கொப்புளமிட்ட முகக் காயமும் எந்த இரசாயனக் காயமும் தீக்காய நிலையத்தின் கருத்தைக் கேட்க வேண்டியவை என்பதே வட அமெரிக்க மருத்துவ வழக்கு. நீங்களே சன்னிபுறூக்குக்குத் தேடிப் போகத் தேவையில்லை. அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போனால் அவர்கள் தொடர்புகொண்டு அனுப்புவார்கள். கொப்புளமில்லாத சிவப்புக்கு 811இல் தாதியரிடம் கேட்கலாம். 911இல் ஆங்கிலம் வராவிட்டால் ‘டமிள்’ என்று சொல்லுங்கள், மொழிபெயர்ப்பாளரை இணைப்பார்கள். முகவரியை மட்டும் முதலில் சொல்லிவிடுங்கள்.

செலவுக்குப் பயந்து வீட்டிலேயே மருந்து போடுவது, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பெற்றோர் விடயத்தில் அதிகம். சுப்பர் விசாவில் வந்தவருக்குக் குறைந்தது 1,00,000 டொலர் மருத்துவக் காப்புறுதி இருந்தேயாக வேண்டும். விசாவே அதன்பேரில்தான் கிடைத்தது. அந்தப் பத்திரத்தின் எண்ணை எடுக்கக்கூடிய இடத்தில் வையுங்கள். ஒன்ராறியோ அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் அட்டை உள்ளவருக்குச் சிகிச்சை இலவசம், அவசியமான அம்புலன்ஸ் பயணத்துக்கு 45 டொலர்.

ஆறும் காலம் பற்றிச் சுருக்கமாக. மூன்று வாரத்துக்குள் ஆறாத காயம் தடித்த தழும்பாகும் வாய்ப்பு அதிகம். நம்மைப் போன்ற கருமைத் தோலில் அது இன்னும் கூடுதல். ஆகவே இரண்டாம் வாரம் ஆறாமல் இருந்தால் மறுபடி காட்டுங்கள். கழுத்துக் காயக்காரர் தலையணை வைத்துப் படுத்தால் நாடி நெஞ்சை நோக்கி இழுபட்ட நிலையிலேயே தழும்பு இறுகிவிடும். மருத்துவர் வேறு சொல்லாதவரை தலையணை இல்லாமல் கழுத்து நிமிர்ந்து இருக்கட்டும். காது வெந்திருந்தால் அந்தப் பக்கம் சாய்ந்து படுக்கக் கூடாது. புதுத் தோல் வெயிலில் கறுத்துப்போகும். ரொறன்ரோவில் பனியில் பட்டுத் தெறிக்கும் வெயிலும் வெயில்தான்.

கடைசியாக, வீட்டின் சுடுநீர். 60 பாகை செல்சியஸ் சூட்டில் பெரியவரின் தோல் முழு ஆழமும் வேக ஏறத்தாழ 5 வினாடி போதும், பிள்ளைக்கு அதைவிடக் குறைவு. 49 பாகையில் அதற்கு ஏறத்தாழ 10 நிமிடம் வேண்டும். ஒன்ராறியோ கட்டட விதி புதிய வீடுகளின் குழாயில் 49 பாகைக்கு மேல் போகக் கூடாது என்று 2004இல் வரம்பிட்டது. பழைய தொடர்மாடிகளில் அந்தத் தடுப்பு இல்லாமல் இருக்கலாம். சுடுநீர்த் தொட்டியின் சூட்டை நீங்களே இறக்கினால் கிருமி வளரும் ஆபத்து உண்டு. குழாயில் குளிர்நீர் கலந்து இறக்கும் வால்வு பொருத்துவதே சரியான வழி. இந்த வாரம் ஒரு சமையல் வெப்பமானியைக் குளியலறைக் குழாயின் கீழ் பிடித்துப் பாருங்கள். 49க்கு மேல் காட்டினால் வீட்டுக்காரருக்கோ கட்டட நிர்வாகத்துக்கோ எழுத்தில் அறிவித்து வால்வு கேளுங்கள்.